பயோடீசல் கழுவும்போது பாலாகிவிட்டதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

ஓட்டலிலும் பலகாரக் கடையிலும் வாங்கிய பழைய சமையல் எண்ணெயை மெத்தனாலும் காஸ்டிக் பொட்டாஷும் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம்) சேர்த்து, ஒரு தடவைக்கு 100 லிட்டர் அளவில் பயோடீசலாக்குகிறவர்களுக்கான குறிப்பு இது. வினை முடிந்து, கிளிசரின் அடியில் இறங்கி, அதை வடித்தும் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். மேலே நிற்கும் பயோடீசலில் சோப்பு, மிச்ச மெத்தனால், மிச்சக் காரம், கொஞ்சம் கிளிசரின் எல்லாம் கலந்திருக்கும். தண்ணீரால் கழுவி இவற்றை வெளியேற்ற வேண்டும். தொட்டி முழுக்க வெள்ளையாகி, நாள்கணக்கில் பிரியாமல் நிற்கும் தொல்லை இந்தக் கட்டத்தில்தான் வருகிறது.

கழுவும் தொட்டியில் தெரியும் கோளாறு பெரும்பாலும் கழுவும்போது உண்டானதல்ல. எண்ணெயில் இருந்த ஈரம், அதன் அமிலத்தன்மை, பாதியில் நின்ற வினை, இந்த மூன்றில் ஒன்றுதான் தண்ணீர் பட்டவுடன் வெளியே தெரிகிறது. அதனால் பால்மத்தை, அதாவது எமல்ஷனை, உடைக்கும் வழியைத் தேடும் முன் அது எதனால் வந்தது என்று பார்க்க வேண்டும். காரணம் தெரியாமல் உப்பையும் வினிகரையும் கொட்டினால் அன்றைக்குத் தண்ணீர் பிரிந்துவிடும், மோசமான எரிபொருள் மட்டும் கையில் மிஞ்சும்.

சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும், மறுமுனை எண்ணெயைப் பிடிக்கும். கலக்கும்போது உண்டாகும் நுண்துளிகளைச் சுற்றி அது ஓர் உறை போட்டுவிடுவதால் துளிகள் ஒன்றோடொன்று சேர முடிவதில்லை. வினை முழுமையடையாதபோது மிஞ்சும், எண்ணெய் பாதி மட்டும் மாறிய நிலையான மோனோ கிளிசரைடும் டை கிளிசரைடும் இதே வேலையைச் செய்யும். பிஸ்கட், ஐஸ்கிரீம் தொழிற்சாலைகளில் பால்மமாக்கியாகச் சேர்க்கிற பொருள்கள்தான் இவை. சோப்பும் இவையும் கூட்டுச் சேர்ந்தால் உண்டாகும் பால்மம் எளிதில் உடையாது.

தண்ணீர் விடும் முன் இரண்டு பாட்டில் சோதனைகள்

முதலாவது மெத்தனால் சோதனை. மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் 27 மி.லி. மெத்தனால் எடுத்து, கிளிசரின் நன்றாக இறங்கிய பயோடீசலில் 3 மி.லி. சேர்த்துக் குலுக்குங்கள். முழுவதும் கரைந்து தெளிவாக நின்றால் வினை நன்றாக நடந்திருக்கிறது. அடியில் எண்ணெய்த் துளி தங்கினால், அது மாறாமல் மிஞ்சிய எண்ணெய். வெப்பநிலை 20 முதல் 22 டிகிரிக்குள் இருக்கட்டும். நம் ஊர்க் கோடையில் 34 டிகிரியில் செய்தால், சூடான மெத்தனால் கூடுதல் எண்ணெயைக் கரைத்துக்கொண்டு, தேறாத சரக்கையும் தேறியதாகக் காட்டிவிடும். பாட்டிலைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி, தெர்மாமீட்டர் பார்த்துச் செய்யுங்கள். பாமாயில் சரக்கை அதற்கும் கீழே குளிரவிட்டால் கொழுப்புப் படிகம் உண்டாகி, மாறாத எண்ணெய் போலத் தோன்றிக் குழப்பும்.

இரண்டாவது குலுக்கல் சோதனை. பயோடீசல் 150 மி.லி., தண்ணீர் 150 மி.லி., இரண்டையும் அரை லிட்டர் பாட்டிலில் ஊற்றி 10 விநாடி பலமாகக் குலுக்கி வையுங்கள். அரை மணி நேரத்துக்குள் மேலே பொன்னிற எண்ணெயும் கீழே வெண்மையான தண்ணீருமாகப் பிரிந்தால் தைரியமாகத் தொட்டியில் தண்ணீர் விடலாம். பிரியாவிட்டால் 100 லிட்டரைக் காப்பாற்றியது 150 மி.லி. என்று நினைத்துக்கொண்டு, கீழே உள்ள அறிகுறிகளில் பொருந்துவதைப் பாருங்கள்.

அறிகுறி: குலுக்கிய பாட்டில் முழுக்க வெள்ளை, மெத்தனால் சோதனையிலும் துளி தங்குகிறது

வினை முடியவில்லை. இதை எப்படிக் கழுவினாலும் பிரச்சினைதான். தண்ணீரே விடாமல் மறுபடி வினைப்படுத்துங்கள்.

காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று: மெத்தனால் குறைவு (எண்ணெயின் கன அளவில் 20 முதல் 22 சதவீதம் வேண்டும்), வெப்பம் குறைவு (55 டிகிரி வேண்டும்; மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும் என்பதால் 60-ஐத் தாண்டக் கூடாது), கலக்கல் போதாமை, அல்லது ஈரம் குடித்து வீரியம் இழந்த காஸ்டிக் பொட்டாஷ். டப்பாவைத் திறந்து வைத்தால் பொட்டாஷ் காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக் கார்பனேட்டாக மாறிவிடும். எடை சரியாக இருந்தும் வேலை நடக்காததற்கு இது முக்கியக் காரணம்.

முதலில் 1 லிட்டரில் செய்து பாருங்கள். 100 மி.லி. மெத்தனாலில் 2 கிராம் காஸ்டிக் பொட்டாஷைக் கரைத்து, 55 டிகிரியில் உள்ள 1 லிட்டர் பயோடீசலில் சேர்த்து ஒரு மணி நேரம் கலக்குங்கள். கிளிசரின் இறங்கிய பிறகு மெத்தனால் சோதனை தேறினால் அதே விகிதத்தில் முழுத் தொட்டிக்கும் செய்யலாம். தேறாவிட்டால் பொட்டாஷைக் கூட்டி இன்னொரு லிட்டரில் பாருங்கள்.

ஒரு தடவையாவது தண்ணீர் விட்டுவிட்ட சரக்கென்றால், முற்றிலும் உலர்த்தாமல் இதைச் செய்யவே கூடாது. தண்ணீர், காரம், பயோடீசல் மூன்றும் சூட்டில் சேர்ந்தால் உங்கள் பயோடீசலே சோப்பாக மாறும்.

அறிகுறி: மெத்தனால் சோதனை தேறுகிறது, குலுக்கிய பாட்டில் மட்டும் பிரியவில்லை

வினை சரி, சோப்பு அதிகம். எண்ணெயில் இருந்த கட்டற்ற கொழுப்பு அமிலமோ (எண்ணெய் சிதைந்து தனியே பிரிந்த அமிலம்) ஈரமோதான் காரணம்.

வினைக்கு முன் செய்யும் டைட்ரேஷனிலேயே, அதாவது காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணெயின் அமிலத்தை அளப்பதிலேயே, இதைக் கணக்குப் போட்டுவிடலாம். லிட்டர் வடிநீரில் 1 கிராம் காஸ்டிக் பொட்டாஷ் கரைத்த கரைசல், 10 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 1 மி.லி. எண்ணெய், நிறம் மாறிக் காட்டும் காட்டியாக ஃபீனால்ஃப்தலீன்: இளஞ்சிவப்பு வந்து நிற்கும்வரை கரைசலைச் சொட்டும் வழக்கமான முறைதான். கரைசல் ஒவ்வொரு மி.லி. செலவாவதும், லிட்டர் எண்ணெய்க்குக் கூடுதலாக 1 கிராம் பொட்டாஷ் தேவை என்பதைக் காட்டும். அதாவது எண்ணெயில் ஏறக்குறைய 0.55 சதவீதம் கொழுப்பு அமிலம் இருக்கிறது. அந்தக் கூடுதல் பொட்டாஷ் முழுவதும் சோப்பாகத்தான் முடியும்: ஒரு கிராமுக்கு 5.7 கிராம் சோப்பு. டைட்ரேஷன் 3 மி.லி. வந்த எண்ணெயில் 100 லிட்டர் எடுத்தால் சுமார் 1.7 கிலோ சோப்பு. இதில் பெரும்பகுதி கிளிசரினோடு போய்விடும், மிஞ்சுவதுதான் உங்கள் பாட்டிலில் தெரிகிறது. டைட்ரேஷன் 5 மி.லி.யைத் தாண்டும் எண்ணெயை நல்ல எண்ணெயோடு கலந்து இறக்குங்கள், அல்லது கந்தக அமிலம் கொண்டு முதலில் அமில வினை நடத்துங்கள். புங்க எண்ணெய், இலுப்பை எண்ணெய் போன்றவற்றில் இந்த அளவு மிக அதிகமாக இருக்கலாம். டைட்ரேட் செய்யாமல் அவற்றில் நேரடியாகக் கார வினையில் இறங்குவது வீண் வேலை.

2018 ஜூலை முதல், மொத்த போலார் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது சேரும் சிதைவுப் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அப்படிக் கழிக்கப்படும் எண்ணெய்தான் நம் கைக்கு வருகிறது. ஆகவே ஒரே கடையின் எண்ணெய் என்றாலும் ஒவ்வொரு டின்னையும் டைட்ரேட் செய்யுங்கள்.

சோப்பு அதிகமுள்ள சரக்கைக் காப்பாற்றச் சிறந்த மருந்து பொறுமை. கிளிசரினை வடித்த பிறகு இன்னும் 24 மணி நேரம் சூட்டோடு நிற்கவிட்டு, அடியில் சேர்வதை மறுபடி வடியுங்கள். பிறகு 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரை மேலிருந்து மெல்லத் தெளித்து, கலக்காமல் ஒரு மணி நேரம் விட்டு வடியுங்கள். இந்தச் சிறு தண்ணீர் மெத்தனாலையும் கிளிசரினையும் இழுத்துக்கொண்டு இறங்கும். மெத்தனால் இருக்கும்வரை அது சோப்பைப் பயோடீசலுக்குள் கரைத்துப் பிடித்து வைத்திருக்கும். அது குறையக் குறையச் சோப்பும் இறங்கத் தொடங்கும்.

அறிகுறி: தொட்டியில் கெட்டியான வெள்ளைக் கூழ், எங்கும் கோடு தெரியவில்லை

இது முழுப் பால்மம். பம்பையோ காற்றையோ உடனே நிறுத்துங்கள். கலக்கக் கலக்கத் துளிகள் இன்னும் சிறிதாகி நிலைமை மோசமாகும். பிறகு கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். ஒரு படி பலித்துவிட்டால் அடுத்ததற்குப் போகத் தேவையில்லை.

முதலில் நேரம். இரண்டு மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். அடியில் கொஞ்சம் தண்ணீர் பிரிந்தாலும் அதை வடித்துவிட்டு மறுபடி காத்திருங்கள்.

அடுத்தது சூடு. 55 முதல் 60 டிகிரி. மெத்தனால் ஆவி வரும் என்பதால் திறந்த தீ கூடாது. வெந்நீர்ச் சுருளோ, திரவத்தில் எப்போதும் மூழ்கியிருக்கும் ஹீட்டரோ பயன்படுத்துங்கள். காற்றோட்டமான இடம் அவசியம். பல பால்மங்கள் இந்தப் படியிலேயே உடைந்துவிடும்.

மூன்றாவது உப்பு. 10 லிட்டர் வெந்நீரில் 1 கிலோ தூள் உப்பைக் கரைத்து, கூழின் மேல் மழைபோலத் தெளியுங்கள், கலக்க வேண்டாம். உப்பு தண்ணீரை அடர்த்தியாக்கி, சோப்பைத் தண்ணீரிலிருந்து விலக்கும். கல் உப்பு வேண்டாம், அதில் உள்ள மக்னீசியம் புதிதாக ஒரு பிசின் படலத்தை உண்டாக்கும். உப்பு போட்டால் அதன் பிறகு குறைந்தது இரண்டு முறை நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும். குளோரைடு தங்கினால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியையும் இன்ஜெக்டரையும் அரித்துவிடும்.

கடைசியாக அமிலம். இது நிச்சயம் பலிக்கும், அதனாலேயே பலரும் முதலில் இதற்குப் போகிறார்கள். ஆனால் அமிலம் சோப்பை வெளியேற்றுவதில்லை. அதை மறுபடி கொழுப்பு அமிலமாக்கிப் பயோடீசலுக்குள்ளேயே விட்டுவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 லிட்டரில், அதாவது சுமார் 88 கிலோவில், 3000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 3000 பங்கு) சோப்பு இருந்தால் 264 கிராம். அதை முழுவதும் அமிலத்தால் உடைத்தால் பயோடீசலின் அமில எண் (ஒரு கிராமில் உள்ள அமிலத்தைச் சமன்செய்யத் தேவையான காஸ்டிக் பொட்டாஷ், மி.கி. கணக்கில்) 0.5-க்கு மேல் ஏறிவிடும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 15607-இல் அமில எண்ணுக்கு உச்ச வரம்பே 0.5 மி.கி.தான். வேறு வழியே இல்லையென்றால் மேலே சொன்ன சோப்பு அளவுக்கு 5 சதவீத வினிகர் ஒரு லிட்டர், அல்லது சுமார் 90 கிராம் சிட்ரிக் அமிலம் போதும். வெந்நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பிரிய ஆரம்பித்ததும் நிறுத்துங்கள்.

அறிகுறி: மேலே எண்ணெய், கீழே தண்ணீர், நடுவில் வெள்ளைப் படலம்

ஓரிரு சென்டிமீட்டர் இருந்தால் பயப்பட வேண்டாம். முதல் கழுவலில் இது சாதாரணம். தண்ணீரை வடிக்கும்போது படலத்தைப் பயோடீசலுடன் விட்டுவைத்து அடுத்த தண்ணீரைத் தெளியுங்கள், தானாகக் கரையும்.

மூன்றாவது கழுவலிலும் படலம் குறையாமல், தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டினால் அது வேறு. உங்கள் தண்ணீரைச் சந்தேகியுங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் நிறைய இருக்கும். அவை சோப்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத சோப்பாக மாறும். துணி துவைக்கும்போது வாளியில் ஒட்டுகிற அதே அழுக்கு. இதில் ஒரு பகுதி பயோடீசலிலேயே தங்கி, பிற்பாடு டீசல் ஃபில்டரை அடைக்கும். மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பயன்படுத்துங்கள். கட்டுப்படியாகாவிட்டால் முதல் கழுவலுக்கும் கடைசிக் கழுவலுக்குமாவது நல்ல தண்ணீர் வேண்டும். சோப்பு அதிகமாக இருப்பது முதலில், கால்சியம் தங்கிவிடுவது கடைசியில்.

அறிகுறி: முதல் கழுவல் நன்றாக இருந்தது, இரண்டாவதில் பாலாகிவிட்டது

கழுவும் வேகத்தை அவசரமாகக் கூட்டியிருப்பீர்கள். சென்ட்ரிஃபியூகல் பம்ப் வைத்துச் சுற்றவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். அதன் சக்கரம் தண்ணீரை நுண்துளியாக நறுக்கிவிடும்.

100 லிட்டருக்குப் பாதுகாப்பான ஓட்டம் இது. தண்ணீரும் பயோடீசலும் 45 முதல் 50 டிகிரி. முதல் கழுவலுக்கு 25 லிட்டர், சொட்டுநீர்ப் பாசனக் கடையில் கிடைக்கும் ஃபாகர் நாசில் வழியாக மேலிருந்து பனியாக இறங்கட்டும். கலக்கவே வேண்டாம். ஒரு மணி நேரத்தில் வடித்துவிடலாம். இரண்டாவது கழுவலும் அப்படியே. வடிகிற தண்ணீரின் வெண்மை குறைந்த பிறகுதான், மூன்றாவதில் துடுப்பால் மெதுவாகக் கலக்கலாம், அல்லது மீன்தொட்டி ஏர் பம்பும் கல்லும் போட்டுக் குமிழி விடலாம். பம்பைத் திரவ மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் மின்சாரம் நின்றதும் திரவம் குழாய் வழியே பின்னால் ஏறிப் பம்புக்குள் வந்துவிடும்.

குமிழி முறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது மிக மென்மையானது என்பதால் அரைகுறை வினையைக்கூட மறைத்துக் கழுவிக் கொடுத்துவிடும். சரக்கு தெளிவாக இருக்கும், ஆனால் உள்ளே மாறாத கிளிசரைடு அப்படியே இருக்கும். மணிக்கணக்கில் காற்று விட்டால் பயோடீசல் ஆக்சிஜனேற்றமும் அடையும். இரண்டு பாட்டில் சோதனைகளையும் தவிர்த்துவிட்டுக் குமிழியை மட்டும் நம்பக் கூடாது.

அறிகுறி: தண்ணீர் தெளிந்துவிட்டது, சோப்பு போய்விட்டதா என்று தெரியவில்லை

வடிந்த தண்ணீரின் பி.எச். நீங்கள் ஊற்றிய தண்ணீரின் பி.எச்.க்குச் சமமாவது நல்ல அறிகுறி, ஆனால் அது போதாது. அளந்து பாருங்கள். தேவையானவை 0.01 நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், காட்டிகளாக ஃபீனால்ஃப்தலீனும் புரோமோஃபீனால் புளூவும். 100 மி.லி. ஆல்கஹாலில் 10 கிராம் பயோடீசலைக் கரையுங்கள். முதலில் ஃபீனால்ஃப்தலீன் விட்டு, இளஞ்சிவப்பு வந்தால் அது மறையும்வரை அமிலம் சொட்டுங்கள். அது மிச்சக் காரத்தின் அளவு. பிறகு புரோமோஃபீனால் புளூ விட்டு, நீலம் மஞ்சளாகும்வரை தொடருங்கள். இந்த இரண்டாவது பகுதியில் செலவான ஒவ்வொரு மி.லி.யும், பொட்டாஷ் சரக்கானால் சுமார் 320 பி.பி.எம். சோப்பு, காஸ்டிக் சோடா சரக்கானால் சுமார் 304. வெறும் ஆல்கஹாலுக்கு எத்தனை சொட்டு செலவாகிறது என்று ஒரு தடவை பார்த்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கழுவி முடித்த சரக்குக்கு 10 கிராம் போதாது, 100 கிராம் எடுங்கள். அப்போது ஒரு மி.லி. என்பது 32 பி.பி.எம். சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து 5 பி.பி.எம். என்ற தர வரம்பைச் சோப்பாக மாற்றிக் கணக்கிட்டால் பொட்டாஷ் சோப்பில் 41 பி.பி.எம்., சோடா சோப்பில் 66. அதாவது பொட்டாஷ் சரக்கில் ஒன்றேகால் மி.லி.க்குள் மஞ்சள் வந்துவிட வேண்டும்.

அறிகுறி: கழுவி முடித்தும் பயோடீசல் மங்கலாகவே இருக்கிறது

ஈரமாக இருக்கலாம், கொழுப்புப் படிகமாக இருக்கலாம், மிஞ்சிய சோப்பாகவும் இருக்கலாம். ஒரு சிறு மாதிரியை 120 டிகிரிவரை சூடாக்கி, சடசடப்பு அடங்கியதும் மூடி ஆறவிடுங்கள். ஆறிய பிறகும் தெளிவாகவே இருந்தால் பிரச்சினை வெறும் ஈரம். மங்கல் திரும்பினால் பாமாயிலின் கொழுப்பா என்று பாருங்கள். பாமாயில் பயோடீசல் 15 டிகிரி சுற்றுவட்டத்திலேயே மங்கத் தொடங்கும், ஊட்டி, கொடைக்கானல் காலையில் இது சகஜம். அறை வெப்பத்திலேயே மங்கினால் மேலே சொன்ன சோப்பு டைட்ரேஷன் செய்யுங்கள்.

ஈரத்தை எடுக்க, அகன்ற பாத்திரத்தில் 50 முதல் 55 டிகிரியில் வைத்து, பம்பால் மேலே தெளித்து, மின்விசிறிக் காற்று படும்படி சில மணி நேரம் சுற்றவிடுங்கள். தெளிந்துவிட்டால் உலர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் பயோடீசலில் 1000 பி.பி.எம். தண்ணீர் கரைந்திருக்க முடியும், வரம்போ 500. நுண்ணிய தராசு இருந்தால் 100 கிராம் மாதிரியை 120 டிகிரிவரை சூடாக்கி, ஆறவிட்டு மறுபடி எடை போடுங்கள். 0.05 கிராமுக்கு மேல் குறைந்தால் இன்னும் உலர்த்த வேண்டும்.

கழுவிய தண்ணீரும் பாதுகாப்பும்

முதல் கழுவல் தண்ணீரில் மெத்தனால், காரம், சோப்பு மூன்றும் உண்டு. சாக்கடையிலோ கிணற்றுப் பக்கத்திலோ ஊற்றக் கூடாது. மெத்தனால் கொடிய விஷம். தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். கண்ணாடி, கையுறை இல்லாமல் வால்வைத் திறக்காதீர்கள். அலுமினியப் பாத்திரமும் துத்தநாகப் பூச்சுள்ள வாளியும் கூடவே கூடாது. காரம் பட்டால் இரண்டும் ஹைட்ரஜனை வெளியிடும்.

தண்ணீர்ச் செலவைக் குறைக்க நல்ல வழி உண்டு. இந்தத் தொட்டியின் மூன்றாம் கழுவல் தண்ணீரைத் தனி டிரம்மில் பிடித்து வைத்து, அடுத்த தொட்டியின் முதல் கழுவலுக்கு விடுங்கள். அதில் உள்ள சோப்பு மிகக் குறைவு என்பதால் பாதகமில்லை. முதல் கழுவல் தண்ணீரை ஒரு வாரம் மூடிவைத்தால் மேலே மிதந்து வரும் பயோடீசலை வழித்தெடுத்து, அடுத்த தொட்டியின் கழுவலில் சேர்த்துவிடலாம்.